மூன்று இலைத் தண்ணீர்

சகல ஜீவராசிகளுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: 1996 ஜனவரி 18, வியாழக்கிழமை, ஏற்காட்டு மலையின் பொன்முகில் காப்பிக் கம்பெனி, இயற்கையன்னையின் செல்லப்பிள்ளை என்று பம்பாய் ஆபீசர் ஒருவரால் பட்டம் சூட்டப்படவிருந்தது. பட்டத்துக்கு மூன்று பச்சை இலைகள். மூன்றும் கிடைத்தால் வெளிநாட்டார் பங்கு வாங்குவார்கள். நாற்பத்திரண்டு ரூபாய்ப் பங்கு எழுபதைத் தொடும்.

காலை 7.10. எஸ்டேட்டுக்குக் கீழே ஓடையோரம் அம்மாசி செத்துக் கிடந்தார். பக்கத்தில் அவருடைய எருமை. இரண்டு வாயிலும் நுரை.

10.00. சப்-இன்ஸ்பெக்டர் காளியண்ணனின் ஜீப்பில் சின்னன் உட்கார்ந்திருந்தான். எஸ்டேட்டை விட்டு இறங்கும் ஓடை முதலில் அவன் காட்டைத் தொடும், பிறகு அம்மாசியின் காட்டை. இருவருக்கும் வரப்புத் தகராறு. பட்டத்துக்கான சோதனைக்கென்று எஸ்டேட் எல்லையில் காலை ஆறு மணிக்கு ஓடையில் எடுத்த சுத்தமான தண்ணீரோ சீல் வைத்த பாட்டிலில் பத்திரமாக இருக்கிறது. அப்படியானால் விஷம் கலந்தது வேறு யார்?

"எம்பட காட்டுல சாமையுங் கேப்பையுந்தானுங்க. அதுக்கு யாருங்க மருந்தடிப்பாங்க?" என்றான் சின்னன்.

காளியண்ணனுக்கும் அதே சந்தேகம்தான்.

11.30. எஸ்டேட் குடோன் வாசலில் பூச்சிமருந்து டின்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. கல்யாண வீட்டுப் பாத்திரம்போல அப்படியொரு பளபளப்பு.

பங்களாவில் சமையல்கார மாதம்மாள் சுடுதண்ணீர் கொண்டுவந்தாள். "குடிங்க சார். இந்த ஊட்ல பச்சத்தண்ணியே கெடையாதுங்க. பானை, குடம் எல்லாம் காச்சுனதுதானுங்க."

குடித்தார். பல்லிடுக்கில் ஏதோ சிக்கிக்கொண்டது.

"பாட்டில்ல தண்ணி புடிச்சது யாரு?"

"நம்ம ரைட்டர் ஆறுமுகம்," என்றார் மேனேஜர் பாலசுப்பிரமணியம், கணக்கு நோட்டோடு கதவோரம் நின்றவரைக் காட்டி.

"பம்பாய் ஆபீசர் கூடப் போகலீங்களா?"

"பனி நொம்பங்க. ரஜாய்ப் போர்வைக்குள்ள இருந்தே கையெழுத்துப் போட்டாரு."

மேனேஜர் பாட்டிலை ஜன்னலில் தூக்கிப் பிடித்தார். "பாருங்க, வைரம்!"

வைரத்தின் அடியில் பழுப்பாக ஒன்று கிடந்தது.

"அது ஏதோ காட்டு விதைங்க. இயற்கை!"

காளியண்ணன் பல்லிடுக்கில் சிக்கியதை எடுத்துப் பாட்டிலோடு சேர்த்துப் பிடித்தார். ரெண்டும் ஒன்று.

"ஏனுங்க சார், உங்க ஓடையில சீரகம் விளையுதுங்களா?"

ரைட்டர் வெளியே நழுவப் பார்த்தார். காளியண்ணன் மேனேஜரை விடவில்லை.

"ஆபீசர் கண்ணுக்குக் குடோன் சுத்தமாத் தெரியோணும்னு நேத்துச் சாயங்காலம் மருந்து டின்னையெல்லாம் ஓடையில கழுவிருக்கீங்க. அதே ஓடையில பாட்டிலை முக்குனா இலை உதிந்துரும். அதனால அடுப்படிப் பானையில மொண்டிருக்கீங்க. மாதம்மா சீரகம் போடாத தண்ணியே இந்த ஊட்ல இல்லைங்கறதை மறந்துட்டீங்க. அம்மாசியைக் கொன்னது சின்னன் இல்ல சார். நீங்க."

"மேனேஜர்தானுங்க மொள்ளச் சொன்னாரு," என்றார் ஆறுமுகம், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

மேனேஜர் சிரித்தார். "எழுதிக்குங்க சார்."

4.00. சேலத்திலிருந்து மேலதிகாரியின் போன். பாட்டில் கம்பெனிச் சொத்து, தொடக் கூடாது. 4.20க்கு அது ஆபீசரோடு காரில் இறங்கியது.

மார்ச்சில் பம்பாய் அறிக்கை வந்தது: 'மூலிகை மணம் கமழும் மலையூற்று.' மூன்று இலை. பங்கு எழுபத்தெட்டு. கோர்ட்டில் ஆறுமுகம் தான் ஒன்றுமே சொல்லவில்லை என்றார். காளியண்ணனைத் தண்ணீரே இல்லாத ஊருக்கு மாற்றினார்கள்.

சின்னனுக்கு ஆயுள் தண்டனை.