லென்ஸில் ஒரு தூசி

புதுக் கோபுரக் கட்டடத்தின் உச்சித் தளத்தைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்ட அன்றே, உச்சியார் கேமராவும் கையுமாக வந்து நின்றார். 'வானளாவி' என்று ஓர் இணையதளம். உயரமான கட்டடத்தைக் கண்டால் சோறு தண்ணீர் மறக்கிறவர்கள் கூடும் இடம். அங்கே 'உச்சியார்' என்ற பெயரில் இவர் வைத்ததுதான் சட்டம். இந்தக் கட்டடம் வளர வளரப் படம் எடுத்துப் போட்டவரும் இவரே. அதில் ஒன்று தளத்தின் முகப்பிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது.

அந்தப் படத்தில் சாரத்துக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. லென்ஸில் தூசி என்று நினைத்து அழித்துவிட்டார். அந்தக் கூட்டத்துக்கே உள்ள வியாதி அது. வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்க வேண்டும்.

பிறகு ஒரு பெண் எழுதினாள்.

"அண்ணா, அன்னிக்கு அந்த சாரத்துல இருந்து விழுந்தது எங்கண்ணன். அவரு அங்க வேலையே பாக்கலன்னு கம்பெனி சாதிக்குது. நீங்க அதே நேரத்துல படம் எடுத்திருக்கீங்க. திருத்தாத படத்தக் குடுங்கண்ணா."

திருத்தாத மூலப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். புள்ளிக்குக் கையும் காலும் இருந்தன.

தூசியைத் தவிர வேறெதை அழித்துப் படம் போட்டாலும் தளத்தை விட்டே துரத்துவது இவர் போட்ட சட்டம். "வேற படம் இல்லம்மா" என்று பதில் எழுதிவிட்டு, மூலப் படத்தையும் அழித்தார். அதன் பிறகு நிம்மதியாகத் தூங்கவும் செய்தார், பாவி.

இப்போது உச்சியில் வெயில் பளீரென்று அடித்தது. கம்பித் தடுப்பருகே நின்று ஒரு படம் எடுத்தார்.

வானத்தில் ஒரு புள்ளி.

லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார். புள்ளி பெரிதாகி, இன்னும் கிட்டே வந்திருந்தது. ஈர சிமென்ட் நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. கட்டி முடித்த கட்டடத்தில் ஏது ஈர சிமென்ட்?

அடுத்த படத்தில் ஒரு கை.

அதற்கடுத்ததில் முகம்.

"அழிங்க சார்," என்றது காதோரம் ஒரு குரல். "பழகின கைதான?"

உச்சியார் கேமராவைக் கீழே இறக்கினார். "படத்த... தேடித் தர்றேன்ப்பா. உன் தங்கச்சிகிட்டயே குடுத்துடறேன்."

"இல்லன்னு சொன்னீங்களே."

அவர் மணிக்கட்டை எதுவோ பற்றியது. சொரசொரப்பான, ஜில்லென்ற பிடி.

அன்று மாலை, தெருவில் நின்று படம் எடுத்த ஒரு ரசிகர் அதை வானளாவியில் போட்டு, கீழே எழுதியிருந்தார்:

"லென்ஸ்ல தூசி போல. ரெண்டு புள்ளி தெரிஞ்சுது. கீழ விழுற மாதிரி இருந்தத அழிச்சுட்டேன். மேல கம்பியப் புடிச்சு நிக்கிறது மட்டும் எத்தன தடவ அழிச்சாலும் திரும்ப வருது."