எந்தத் தட்டில் வைப்பது

2019 பிப்ரவரி 21ஆம் தேதி காலை, ருமேனியாவின் யாஷ் நகரில், சந்தைக்குப் பின்னாலுள்ள மாதா கோயில் முற்றத்துக் கூரையடியில், உயிரோடிருப்பவர்களுக்காக வேண்டி ஏற்றும் தட்டில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தி ஒன்றை ஒருவன் எடுத்து, இறந்தவர்களுக்கான தட்டில் நட்டான்.

ஸ்மராண்டா அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏங்க... என்ன பண்றீங்க?"

அவன் திரும்பினான். மழையில் ஊறிய தொப்பி. அதன் கீழே சாம்பல் நிறக் கண்கள்... கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் பிறர் கண்களைச் சோதிப்பவள் அவள். இவ்வளவு ஈரமான கண்களை... சட்டென்று அந்த நினைப்பை உதறினாள்.

"என் மெழுகுவர்த்திதாங்க. இடம் மாத்தி வைக்கிறேன்."

"உயிரோட இருக்கிறவங்களைச் செத்தவங்க பக்கம் வைக்கிறதா? யாருக்குங்க சூனியம்?"

"சூனியக்காரன் காலங்காத்தால டிராம் ஓட்டப் போவானா?"

"வரும்படி பத்தலைன்னா போவான்!"

அருகில் நின்ற பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவன் முகம் சிவந்தது. மழைக்குள் இறங்கிப் போனான்.

ஸ்மராண்டா அப்படிப்பட்டவள் அல்ல... முன்பு. தனக்கு நிச்சயமானவன் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தியது தெரிந்த நாள் முதல், எந்த முகத்தையும் அவளால் அப்படியே நம்ப முடியவில்லை. இந்தப் புத்தாண்டில் ஒரு தீர்மானம் எடுத்திருந்தாள்: தினமும் வேலைக்கு முன் கோயிலில் நின்று ஜெபிக்க வேண்டும். கடவுளிடமாவது சந்தேகமில்லாமல் பேசப் பழகாவிட்டால், இனி யாரிடமும் பேச முடியாது என்ற பயம் அவளுக்கு.

ஆனால் நடந்தது வேறு. உதடு ஜெபம் சொல்லும். கண் கதவருகே நிற்கும். யார் வந்தார்கள், ஏன் வந்தார்கள்... மன்னிப்பு கேட்கும் வரி வரும்போதுகூட அவள் யாரையாவது விசாரித்துக்கொண்டிருப்பாள்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. 'பார்த்தியா, குட்டு உடைஞ்சதும் ஓடிட்டான்...' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். வெற்றிதான். ஆனாலும் கதவு திறக்கும்போதெல்லாம் ஏன் திரும்பிப் பார்க்கிறாள்?

மெழுகுவர்த்தி விற்கும் ப்ரொஃபிராதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"யாரைத் தேடுற? இலாரியேயையா? நீ கொடுத்த பட்டத்தோட அவன் எப்படி வருவான்? 'சூனியக்காரன் வரலையா'ன்னு ஆளாளுக்குக் கேக்குறாங்க."

"அப்போ அவர் எதுக்கு அக்கா மாத்தி வச்சார்?"

"அவங்கப்பா ஸ்பெயினுக்குத் தோட்ட வேலைக்குப் போனவர். பல வருஷமா ஒரு தகவலும் இல்ல. இருக்காரா, போயிட்டாரான்னு தெரியாது. நம்பிக்கையோட இந்தத் தட்டுல வைப்பான்... அப்புறம் பயந்து அந்தத் தட்டுக்கு மாத்துவான். ஜெபமே ஓட மாட்டேங்குதுன்னு அழுவான்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ கேட்டியாடி? நேரா தீர்ப்புல்ல சொன்ன! கண் டெஸ்ட் பண்றவளுக்குக் கண்ணு தெரியல."

அன்று ஸ்மராண்டா கதவைப் பார்க்காமல் ஜெபித்தாள். தனக்காக அல்ல; பெயர் மட்டும் தெரிந்த ஒருவனுக்காக.

ஈஸ்டருக்கு முன் வரும் பெரிய நோன்புக்கு முந்தைய மன்னிப்பு ஞாயிறு வந்தது. ஊரே ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் நாள். 'நாமே போய்க் கேட்பதா...' என்று மாலைவரை முரண்டு பிடித்தவள், கடைசியில் ப்ரொஃபிராவிடம் விசாரித்து அவனுடைய டிராமில் ஏறினாள். ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்று எழுதியிருந்தது. அவன் முதுகையும், கண்ணாடியில் வழியும் மழையையும் பார்த்துக்கொண்டே கடைசி நிறுத்தம்வரை போனாள்.

எல்லோரும் இறங்கினார்கள். அவன் திரும்பினான்.

"என்னங்க, டிராமுக்கும் சூனியம் வச்சிருக்கேனான்னு சோதனையா?"

"மன்னிச்சிடுங்க, இலாரியே."

கடவுள் மன்னிப்பாராக என்பதுதான் வழக்கமான பதில். அவன் அதைச் சொல்லவில்லை. "பேரு யாரு சொன்னா? இது அடுத்த விசாரணையா?"

இப்போது சந்தேகம் அவன் கண்ணில்... அது எப்படி வலிக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"உங்கப்பா பேரைச் சொல்லுங்க," என்றாள் மெதுவாக. "உங்களால ஜெபிக்க முடியாத நாள்ல நான் ஜெபிக்கிறேன். எந்தத் தட்டுன்னு கடவுளுக்குத் தெரியாதா என்ன?"

அவன் தொப்பியைக் கழற்றினான்.

"சிமியோன்... கடவுள் மன்னிப்பாராக. நீங்களும் என்னை மன்னிக்கணும்."

"எதுக்கு?"

"அப்பாவுக்காகத்தான் கோயிலுக்கு வந்தேன். ஜனவரியில நீங்க வர ஆரம்பிச்சீங்க... நீங்க வர்ற நேரத்துக்குத் தோதா ஷிப்டை மாத்தி வாங்கினேன்."

"அப்போ என் சந்தேகம் சரிதான்! நீங்க ஜெபம் பண்ண வரலை!"

"பாதி சரி."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள்.

"நான் மட்டும் என்னவாம்... நீங்க வராத நாளெல்லாம் கதவையே பார்த்துக்கிட்டிருந்தேன். போலீஸ் வேலைன்னு நினைச்சேன். அது இல்லைங்க... அது வேற."

"வேறன்னா?"

"உங்களைப் பிடிச்சிருக்கு. போதுமா?"

மறுநாள் நோன்பு தொடங்கியது. நோன்பில் அந்தக் கோயிலில் திருமணம் செய்து வைப்பதில்லை. ஈஸ்டர் முடிந்து, மே மாதத்தில் அவர்களுக்குத் திருமணம் நடந்தது. சிமியோனைப் பற்றித் தகவல் எதுவும் வரவில்லை. இருவரும் தினமும் காலையில் அவருக்காக ஜெபிக்கிறார்கள்.