சிவப்பு விளக்கும் சில்வண்டும்

எங்கள் குடும்பத்தில் யாரும் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்வதில்லை. சொன்ன சொல்லையும் மாற்றுவதில்லை. அதனால்தான் பெரியப்பா அன்றைக்குத் தையல் கடை வாசலில் பேசியது பெரிய சங்கடமாகிவிட்டது.

எங்கள் மாடியில் இரண்டு சோலார் பேனல்கள் இருக்கின்றன. ஒன்று எங்களுடையது. இன்னொன்று பக்கத்துக் கடைத் தையல்கார அக்கா வாங்கிக் கொடுத்தது. அது வேறு யாரோ பயன்படுத்திய பழைய பேனல். இரண்டையும் இணைத்து, எங்கள் வீட்டுக்கும் அக்காவின் கடைக்கும் விளக்கு எரிய வைத்தவர் பெரியப்பாதான்.

பேனல்களுக்கும் பேட்டரிக்கும் நடுவே, மாடி அறைச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. பேட்டரிக்குள் மின்சாரத்தை அளவாக அனுப்புவது அதன் வேலை. சார்ஜ் கன்ட்ரோலர் என்று பெயர்.

குளிர்காலம் வந்ததும் அந்தப் பெட்டி முரண்டு பிடித்தது. காலை வெயில் பட்டதுமே சிவப்பு விளக்கு, வேலைநிறுத்தம்! வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் பச்சை. பேட்டரி பாதிதான் நிறைந்தது. மாலையில் அக்கா தைத்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தது. பள்ளிச் சீருடைகள் கையில்லாமலும் காலரில்லாமலும் குவிந்து கிடந்தன.

பெரியப்பா நேராகக் கடைக்குப் போனார். துணி தைக்கக் கொடுக்க நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

"உன் பேனல் பழசும்மா. கோளாறே அதுலதான். ஞாயித்துக்கிழமை கழட்டிக் கொடுத்துடறேன். நீ வேற ஏற்பாடு பண்ணிக்கோ."

அக்கா ஊசியில் நூல் கோர்ப்பதை நிறுத்தினார். "வேற ஏற்பாட்டுக்கு நான் எங்கண்ணே போவேன்?" என்று மட்டும் கேட்டார்.

அங்கே நின்றிருந்த சில்வண்டு இதைக் கேட்டாள். அவள் பெரியப்பாவின் தம்பி மகள். ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர். அன்று முழுக்க அவள் வாயே திறக்கவில்லை.

மறுநாள் காலை கம்பளியைப் போர்த்திக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அக்காவின் பேனலைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. எங்கள் பேனலும் அப்படித்தான். பிறகு பெட்டியைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு. சின்னத் திரையில் 52 என்று காட்டியது. அதன் கீழே, '50 வோல்ட்டுக்கு மேல் கூடாது' என்று ஒட்டியிருந்தது.

"பெரியப்பா! ஓடி வாங்க!"

"என்ன, தீ கீ பிடிச்சிருச்சா?" பெரியப்பா மூச்சு வாங்க வந்தார்.

"ரெண்டு பேனலும் சேர்ந்து எவ்வளவு?"

"ஒண்ணு இருபத்துநாலு. ரெண்டும் நாப்பத்தெட்டு. அது முதுகுலயே எழுதியிருக்கு. நான் கணக்குப் போடாம மாட்டுவேனா?"

"அப்ப இது?"

பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அந்தப் பழைய பேனல்தான் எகிறுது."

"அளந்து பாத்தீங்களா?"

பெரியப்பா மீசையைத் தடவினார். அளக்கவில்லை. மீட்டரை எடுத்து வந்து ஒவ்வொன்றாக அளந்தார். அக்காவின் பேனல் 26. எங்கள் பேனலும் 26.

"அச்சச்சோ! நம்ம பேனலும் கோளாறா பெரியப்பா?" என்றாள் சில்வண்டு, ஒன்றும் தெரியாதவள் போல.

பெரியப்பா மீட்டரை மறுபடியும் வைத்துப் பார்த்தார். அதே 26.

"தொட்டுப் பாருங்க, ஐஸ் மாதிரி இருக்கு. வெயில்ல சூடானதும் பெட்டி சரியாயிடுது. குளிர்ல ரெண்டும் கொஞ்சம் வளருதோ?"

"குளிர்ந்தா வோல்ட் கூடும்னு பேனல் கடைக்காரர் சொன்னார்தான்," என்றார் பெரியப்பா மெதுவாக. "நான் காதுலயே வாங்கல."

"அன்னிக்கு என்னைத் தோள்ல தூக்கிட்டு இந்த அறைக்குள்ள நுழைஞ்சீங்களே, என்ன ஆச்சு?"

"உன் தலை வாசல் நிலையில இடிச்சுது. நீ அழுது தெருவையே கூட்டினே."

"கையைக் கோத்துட்டுப் பக்கத்துல பக்கத்துல வந்தா இடிக்கலையே?"

பெரியப்பா வயரைப் பார்த்தார். ஒரு பேனலின் தோளில் இன்னொன்றை ஏற்றியதுபோல, ஒன்றன் பின் ஒன்றாக அவர் இணைத்திருந்தார். சட்டென்று சிரித்துவிட்டார்.

"அடி சில்வண்டே!"

ஸ்விட்சை அணைத்தார். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று மாற்றி இணைத்தார். இப்போது உயரம், அதாவது வோல்ட், வெறும் 26.

"வாசல் அகலம் பத்துமா பெரியப்பா?"

"அதுக்குத்தான் ஆம்பியர் பாக்கணும். ஒண்ணு எட்டு, ரெண்டும் பதினாறு. பெட்டி இருபது வரைக்கும் தாங்கும். தாராளமா நுழையும்."

ஸ்விட்சைப் போட்டார். அந்தக் குளிரிலும் பச்சை விளக்கு எரிந்தது.

"வேலை முடிஞ்சுது," என்று படியிறங்கப் போனார்.

"எங்க முடிஞ்சுது? கடையில சொன்னது?"

"யாரும் இல்லாதப்ப மெதுவாச் சொல்லிக்கலாம்."

"நேத்து நாலு பேர் இருந்தாங்களே."

பெரியப்பா விறைப்பாக நிமிர்ந்தார். "நம்ம குடும்பத்துல சொன்ன சொல்லை மாத்தறதில்ல."

"அரைகுறையா வேலையும் செய்யறதில்லையே பெரியப்பா."

பெரியப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கூட்டம் நிறைந்த நேரமாகப் பார்த்துச் சில்வண்டோடு கடைக்குப் போனார்.

"ஏம்மா, உன் பேனல் தங்கம்! என் கணக்குதான் கோளாறு. இவதான் கண்டுபிடிச்சா," என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அண்ணே, உங்க சட்டையில ஒரு பொத்தான் தொங்குது. நில்லுங்க, தச்சுடறேன்."

அன்று இருட்டிய பிறகும் தையல் மெஷின் கடகடவென்று ஓடியது. அந்தச் சத்தத்தையும் மிஞ்சிக்கொண்டு சில்வண்டின் குரல் கேட்டது. முந்தின நாள் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

பேச்சிலும் எங்கள் குடும்பத்தில் அரைகுறை கிடையாது.