சாயம் வெளிவந்த இடம்

அணையின் அடிவாரத்தில் கசிந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மண் அணை கொஞ்சம் கசியத்தான் செய்யும். ஆனால் ஏரியின் ஆழத்திலிருந்து மண்ணுக்குள் ஊறி வரும் தண்ணீர் பட்டால் விரல் விறைக்க வேண்டும். இதுவோ யாரோ குளித்துவிட்டு வாளியில் மிச்சம் வைத்ததைப் போலிருந்தது. பொறியாளர் கையை முகர்ந்து பார்த்தாள். சேற்று வாசனை இல்லை. மூடிய அறைக்குள் வெகுநேரம் ஆட்கள் படுத்திருந்தால் வருமே, அந்தப் புழுங்கிய வாசனை.

“வெயில்ல சூடாயிருக்கும் மேடம்,” என்றார் மதகுக்காரர். மீசையை எடுத்துப் பல வருஷமாகியும் எல்லோருக்கும் அவர் மீசைதான்.

சொல்லிவிட்டு அவரே வானத்தைப் பார்த்தார். ஒரு வாரமாக வெயிலே இல்லை.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள். படகில் போய், கரையோரமாக ஏரியில் பச்சைச் சாயத்தைக் கொட்டியிருந்தாள். சாயம் எங்கே தலைகாட்டுகிறதோ அங்கே முடிகிறது ஓட்டை. மதகைத் திறந்து ஏரியையும் பாதிக்குக் குறைத்தாகிவிட்டது. நியாயப்படி கசிவு குறைந்திருக்க வேண்டும். அது நாளுக்கு நாள் கூடியது. கூடியும், பச்சையின் நிழல்கூட இல்லாமல் கண்ணாடி மாதிரி ஓடியது.

“கொட்டின சாயம் எங்கதான் போச்சு?” என்றாள்.

அணைக்கு நேர்கீழே ஊழியர் குடியிருப்பு. அங்கே மருந்தகத்தில் வேலை பார்க்கும் தங்கையும் அவள் சின்ன மகளும் இருந்த வீட்டில்தான் அவள் தங்கியிருந்தாள். அன்று பொழுது சாயும் நேரத்தில், தூறலில் நனைந்தபடி திரும்பியபோது தெருவில் ஆளரவமே இல்லை. ஒரு வீட்டிலும் விளக்கு எரியவில்லை. எங்கிருந்தோ, நின்று நின்று, மெல்ல மூச்சு விடுவதைப் போல, தண்ணீர் இறங்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

தங்கை சமையலறைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிலும் ஈரம்.

“என்னடி, குழாய் ஒழுகுதா?”

“தெரியலக்கா. ரெண்டு நாளா தாகமே எடுக்கல எனக்கு.” தூக்கத்தில் பேசுவதைப் போலச் சிரித்தாள்.

குழாய் காய்ந்து கிடந்தது. துணியை எடுத்துத் தரையைத் துடைத்து, தொட்டியில் பிழிந்தாள் அக்கா. வெதுவெதுப்பாக, இளம் பச்சையாக வழிந்தது.

அணைக்கு அடியில் குடைந்துகொண்டு, தண்ணீர் வீடுகளின் கீழ்வரை வந்துவிட்டது. இனி எந்த நிமிஷமும் மொத்தக் கரையும் உட்காரலாம். மீசைக்கு போன் போட்டாள்.

“அபாயச் சங்கை ஊதுங்க. எல்லாரையும் மேட்டுக்கு ஏத்தணும். இப்பவே.”

சங்கு அலறியது. வாசலுக்கு ஓடி வந்து நின்றாள். ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு குரலும் இல்லை. சங்கு ஓய்ந்ததும் பழையபடி அந்த இறங்கும் சத்தம். அப்போதுதான் தெருவிளக்கு எரிய ஆரம்பித்தது. அந்த வெளிச்சத்தில், ஒவ்வொரு வீட்டு வாசற்படியிலிருந்தும் மெல்லிய பச்சை இழையொன்று இறங்கி, தெருவோரச் சாக்கடையில் சேர்ந்துகொண்டிருந்தது.

போனில் மீசையின் குரல் குழறியது. “மேடம்... என்னால நாற்காலியை விட்டு எழுந்திரிக்க முடியல.”

அவள் உள்ளே ஓடினாள். தங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. நனைந்த மண்மூட்டையை இழுப்பதைப் போலிருந்தது.

“எழுந்திருடி. கெஞ்சிக் கேக்கறேன்.”

“நீ போக்கா,” என்றாள் தங்கை. “எனக்கு இப்படியே நல்லாருக்கு.” உதட்டோரத்தில் ஒரு துளி திரண்டது. பச்சை.

குழந்தை. குழந்தையையாவது.

படுக்கையறை இருட்டு. கட்டில் நடுவில் குழிந்து தொங்கியது. தங்கை மகள் மல்லாந்து படுத்து, கண் விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையணையெல்லாம் சொதசொதவென்று ஈரம்.

“வா கண்ணு. போயிடலாம்.”

“வர முடியல பெரியம்மா. உள்ள எடமே இல்ல.”

“எதுக்கு எடமில்ல?”

குழந்தை யோசித்தாள்.

கட்டில் கிறீச்சிட்டது. வெளியே மலை மாதிரி அணை. சத்தமில்லாமல் நின்றது.

அவள் குனிந்தாள். இரண்டு கைகளையும் குழந்தையின் அக்குளுக்குக் கீழே கொடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள்.

விரல்கள் உள்ளே போயின.

எலும்பு தட்டுப்படவில்லை. குளிர்ந்த, கொழகொழத்த களிமண், அணைக்குள் இருக்கும் அதே மண். அலறிக்கொண்டு கையை உருவினாள்.

குழந்தைக்கு வலித்ததாகத் தெரியவில்லை. தலையை மட்டும் தூக்கித் தன் விலாவைப் பார்த்தாள். சட்டையோடு சேர்ந்து பத்துக் குழிகள். ஒவ்வொரு குழியிலும், அடியிலிருந்து, நிதானமாக, தண்ணீர் ஊறி மேலே வந்துகொண்டிருந்தது.