படியில்லாத வாசல்

பெஞ்சு மறுபடியும் வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. காலையில்தான் நீவெஸ் அதை மூச்சு வாங்க இழுத்துச் சதுக்கத்து நடுவே கிணற்றடியில் போட்டிருந்தாள். சாப்பாடு முடிந்து ஊரே ஜன்னல் பலகைகளைச் சாத்திக்கொண்டு கண்ணயரும் வேளை. மணிக்கூண்டின் நிழல் செங்கல் தரையில் மெல்ல நீண்டுகொண்டிருந்தது, எங்கோ ஒரு புறா இறக்கையை உதறியது, வெயிலில் காய்ந்த கல்லின் மணத்துக்கு அடியில் ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது.

பெஞ்சு கிடந்த இடத்தை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. அந்தச் சதுக்கத்துப் பழைய வீடுகளுக்கு இரண்டு வாசல். பெரியது இருப்பவர்களுக்கு. பக்கத்திலேயே, சவப்பெட்டி நுழையும் அகலத்தில், தெருவிலிருந்து இடுப்பு உயரத்தில், படியே இல்லாமல் இன்னொன்று. சாவு விழுந்தால் அதன் செங்கல்லைப் பெயர்ப்பார்கள், பெட்டியை இறக்குவார்கள், அன்றைக்கே மூடிவிடுவார்கள். போனவர் போன வழியாகத்தான் திரும்ப முடியுமாம். படியில்லாவிட்டால் ஏற முடியாதாம். பெஞ்சு கிடந்தது நேராக அந்த வாசலுக்குக் கீழே. எழுநூறு வருஷத்துக்கு முன் கட்டியவர்களுக்கு அறிவு இருந்ததோ இல்லையோ, பயம் நிறைய இருந்தது.

அவள் கணவன் சில்வானோவையும் பிப்ரவரியில் அப்படித்தான் இறக்கினார்கள். மாலையானால் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சதுக்கத்தைச் சுற்றி வந்தவன். "லீலியாவை விட்டுட்டு நான் எங்க போவேன்?" என்பதுதான் அவன் கடைசியாகச் சொன்னது. நீவெஸுக்கு மிச்சமிருந்ததும் அந்த ஐந்து வயதுக் குழந்தை ஒன்றுதான்.

அவள் போய், அன்றைக்கு அந்த வாசலை மூடிய கொத்தனார் ஓர்ஸோவை எழுப்பிக் கூட்டி வந்தாள்.

"இந்த வெயில்ல பேய்கூடப் படுத்துத் தூங்கும்மா. உனக்கு என்ன வந்துச்சு?"

"கிண்டலை அப்புறம் வச்சுக்கலாம் அண்ணே. ஒரு கை பிடிங்க."

பெஞ்சைத் தூக்கிப் போய்க் கிணற்றுக் கம்பியோடு சங்கிலியால் கட்டி, பூட்டும் போட்டார்கள். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. பல நாளைக்குப் பிறகு நீவெஸ் சிரித்தாள்.

ஓர்ஸோ திரும்பி வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று குறுகல் வாசலின் பூச்சைத் தடவிப் பார்த்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"காரை ஈரமா இருக்கே."

"மழைத் தண்ணி இறங்கியிருக்கும்."

"மழை எங்க பெஞ்சுது? இது என் கை இல்லம்மா. நான் வெளியில நின்னு வழிச்சுவிட்டேன். இது உள்ள இருந்து பூசினது. பாரு, வெளியே பிதுங்கி நிக்குது."

நீவெஸ் ஓடினாள். பெரிய கதவு. நடைவழி. இருட்டு. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. சுண்ணாம்பு வாடை மட்டும் மூச்சை முட்டியது.

நடைவழியின் ஓரத்தில், மூடிய சின்ன வாசலின் உட்புறத்தில், லீலியா நின்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. புதுச் செருப்பு.

"பெஞ்சை ஏம்மா எடுத்தே? நாங்க ரெண்டு பேரும் எவ்ளோ கஷ்டப்பட்டு இழுத்தோம் தெரியுமா?"

"அப்பா ஏறி வந்துடக் கூடாதுன்னுதான் கண்ணு. இங்க வா."

"அப்பா நேத்தே வந்துட்டாரே. பெஞ்சு எறங்குறதுக்கு. என்னையும் தூக்கிட்டு எறங்கணும்ல."

குழந்தையின் வலது கை தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று நசுங்கி வெளுத்திருந்தன. அவளைப் பிடித்து இழுக்க வேண்டும். நீவெஸ் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

லீலியா தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள்.

"பரவாயில்லையாம், அம்மா. அப்பா இங்கயே இருந்துடுறாராம்."

செருப்பின் குதிகால் தரையை விட்டு எழும்பியது. பிறகு நுனி. லீலியா மேலே போனாள், உத்தரம் வரை. அங்கே ஒன்றுமில்லாததன் மேல் உட்கார்ந்தாள். இரண்டு கால்களும் இரண்டு பக்கம் தொங்கின, கைகள் யாருடைய முடியையோ பற்றியிருந்தன. அந்த உயரத்தில், ஒவ்வோர் அடிக்கும் லேசாகக் குலுங்கியபடி, அவள் அம்மாவை நோக்கி வந்தாள்.