மூன்றாவது குரல்

திருத்தணியில் ரயிலை விட்டு இறங்கி, ஆட்டோ பிடித்து, மலையடிவாரத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. மூவரும் பைகளை முதுகில் மாட்டிக்கொண்டார்கள். முன்னால் திருமுருகன், நடுவில் திவ்யா, கடைசியில் கிரண்.

கடைசி இடம் கிரணுக்குப் பிடிக்கவில்லை. போன தை மாதம் அந்த இடத்தில் நடந்தவன் திவ்யாவின் அண்ணன் ஜெகதீஷ். அவன் உயிரோடு திரும்பவில்லை.

திருமுருகனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை. லீவு நாளில் பையன்களை மலைக்குக் கூட்டிப் போவது அவன் பைத்தியம். பன்னிமுதுகு என்று ஊர்க்காரர்கள் சொல்லும் இந்த மலை முகடு அவனுக்கு வீட்டு மொட்டைமாடி போலப் பழக்கம். அவனிடம் ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. பனி மூடினால் முன்னால் போகிறவன் 'ஒண்ணு' என்று குரல் கொடுப்பான், பின்னால் வருகிறவர்கள் அவரவர் எண்ணைச் சொல்ல வேண்டும். ஓர் எண் குறைந்தாலும் எல்லோரும் நின்றுவிட வேண்டும்.

போன வருஷம் ஒன்று திருமுருகன், இரண்டு கிரண், மூன்று ஜெகதீஷ். மூன்று எண்ணும் கேட்டது என்று திருமுருகன் போலீஸில் அடித்துச் சொன்னான். மூன்று கேட்கவே இல்லை, அவர்தான் நிற்காமல் போய்விட்டார் என்று கிரண் சொன்னான். ஊர் கிரணை நம்பியது. சாவு வீட்டில் ஜெகதீஷின் அம்மா சுசீலா திருமுருகன் மேல் மண்ணை வாரித் தூற்றினாள். அன்றோடு அந்த மனிதனின் சிரிப்பு போயிற்று.

நடந்தது வேறு.

ஐ.டி.ஐ. படித்த காலத்தில் ப்ராக்ஸி கொடுப்பதில் கிரணை மிஞ்ச ஆள் கிடையாது. வகுப்புக்கு வராத ஆவடி பையன்கள் ஒன்பது பேருக்கு ஒன்பது குரலில் 'உள்ளேன் ஐயா' சொல்வான். ஜெகதீஷின் சளி பிடித்த குரல் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அன்று விடியற்காலையில், திருமுருகன் ஏறக் கூடாதென்று சொல்லியிருந்த பாறையைப் பார்த்ததும் ஜெகதீஷ் கிரணின் காதில் கிசுகிசுத்தான். "மாமே, ஒரு போட்டோ எடுத்துகினு வந்துடறேன். என் நம்பரையும் நீயே சொல்லிடு. அண்ணாத்தே திட்டுவாரு."

கிரண் சொன்னான். மூன்று தடவை சொன்னான்.

ஜெகதீஷ் விழுந்து பல மணி நேரம் உயிரோடு கிடந்திருக்கிறான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மற்ற இருவரும் உடனே திரும்பி வந்து தேடியிருந்தால் பிழைத்திருப்பான்.

வருஷ திதி முடிந்ததும், அண்ணன் விழுந்த இடத்தை ஒருதரம் பார்க்க வேண்டுமென்றாள் திவ்யா. திருமுருகன் உடனே சரியென்றான். மறுத்தால் சந்தேகம் வருமென்று கிரணும் வந்தான். பாவி, அவன் புத்தி அவ்வளவுதான்.

இருட்டுவதற்குள் முகட்டில் ஏறிக் கூடாரம் போட்டார்கள். நெருப்பு பிடித்ததும் திவ்யா கேட்டாள்.

"கிரண் அண்ணா, எனக்காக உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கு மூணு கேட்டுச்சா?"

சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்த திருமுருகனின் கை நின்றது.

"கேக்கலம்மா," என்றான் கிரண்.

திருமுருகன் சுள்ளியை நெருப்பில் போட்டான்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. நெற்றியில் தடவும் தைலத்தின் வாசனை. ஜெகதீஷ் பன்னிரண்டு மாதமும் தைலம் தடவுகிறவன். உங்களில் யாராவது தைலம் வைத்திருக்கிறீர்களா என்று கேட்கக் கிரணுக்கு வாய் வரவில்லை.

விடியற்காலையில் பனி இறங்கியது. கை நீட்டினால் விரல் தெரியாத பனி. பாறையருகே திவ்யா ஏற்றிய அகல் உடனே அணைந்தது. அவள் அழுது முடிக்கும்வரை நின்றுவிட்டு, வரிசையாக நடந்தார்கள்.

"ஒண்ணு," என்றான் திருமுருகன்.

"ரெண்டு." இது திவ்யா.

"மூணு," என்று கிரண் சொன்னான். செத்தவனின் எண்ணைத் தான் சொல்கிறோமே என்று அவனுக்கு உடம்பு கூசியது. ஈரப் பாறையில் அடுத்த அடி வைத்தான்.

கால் வழுக்கியது.

இரண்டு ஆள் உயரம் சறுக்கி ஒரு முட்புதரில் சிக்கி நின்றான். கீழே வெறும் வெள்ளை. அடிபட்ட நெஞ்சில் மூச்சே இல்லை, கத்த முடியவில்லை. பரவாயில்லை, இப்போது எண்ணுவார்கள், மூன்று வராது, திரும்பி வருவார்கள். அந்த ஒரு சட்டத்தைத்தான் அவன் நம்பிக் கிடந்தான்.

"ஒண்ணு."

"ரெண்டு."

கிரண் காத்திருந்தான்.

"மூணு."

அது கிரணின் குரல். அச்சு அசல் அவன் குரல்.

காலடிகள் நகர்ந்தன. சற்றுப் பொறுத்து மறுபடி ஒன்று, இரண்டு. மறுபடி அவன் குரலிலேயே மூன்று. இன்னொரு தடவை, இன்னும் தூரத்தில்.

பிறகு எதுவும் கேட்கவில்லை.

தைல வாசனை மட்டும் முகத்துக்கு நேரே நின்றது.

"மச்சான், வுட்டுட்றா," என்று கிரண் அழுதான். "நான் சொல்லிடறேன். உங்க அம்மா கிட்டயே சொல்லிடறேன். சத்தியமா."

வாசனை விலகியது. வெயில் ஏறியதும் முட்களைப் பிடித்து மேலே வந்து, நொண்டி நொண்டி இறங்கினான். அடிவாரத்தில் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் பதற்றமில்லை.

"இன்னா நைனா, கால் சுளுக்கிகிச்சா?" என்றான் திருமுருகன். "கடைசி வரிக்கும் பின்னாடியே நம்பர் சொல்லிகினுதானே வந்த?"

கிரண் தலையை ஆட்டினான். ரயிலில் எதுவும் பேசவில்லை. சொல்வதென்றால் மண் தூற்றியவள் முன்னால்தான் சொல்ல வேண்டும்.

திருமுல்லைவாயிலில் திவ்யா வீட்டு வாசலிலேயே திருமுருகன் நின்றுகொண்டான். அந்த வீட்டுப் படியேற அவனுக்குத் தைரியமில்லை. சுசீலா கிரணை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். சுவரில் ஜெகதீஷின் படம், வாடிய மாலை.

"நீயும் அவனும் ஒரே தட்டுல சாப்ட்டவங்கப்பா," என்றாள் அவள். "நீயே சொல்லு. அந்த ஆளு சொல்றாப்ல என் புள்ள குரல் கேட்டுச்சா?"

 கிரணுக்கு மனசு லேசாக இருந்தது. இதோ, ஒரே ஒரு வார்த்தை. வாசலில் நிற்பவனின் ஒரு வருஷத்துப் பழி போய்விடும். அவன் வாயைத் திறந்தான்.

"கேக்கலம்மா. அவருதான் நிக்காம போயிட்டாரு."

அது கிரணின் குரல்தான், ஆனால் அவன் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். பின்னால் சுவரும் படமும்தான். இல்லையம்மா, பொய், அவன் குரலில் நான்தான் மூணு சொன்னேன் என்று கத்தப் பார்த்தான். நாக்கு புரண்டது. சத்தம் வரவில்லை. வெளியே, திருமுருகன் மெல்லப் படலைத் திறந்துகொண்டு போகும் சத்தம் கேட்டது.

சுசீலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தைல வாசனை வருது. உனக்கும் சளியாப்பா? இருந்து சாப்ட்டுட்டுப் போ."

கிரண் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"சரிம்மா," என்றது அவன் குரல்.