பாலத்துக்கு அந்தப் பக்கம்

குளிர்காலம் முழுக்க அட்டைப்பெட்டிக்குள் கிடந்த ஓட்டக் காலணிகள் ஈரமாக இருந்தன.

தோவாகோ வாசலில் குந்தியபடி அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெட்டி காய்ந்திருந்தது. அடியில் விரித்திருந்த செய்தித்தாளும் காய்ந்திருந்தது. காலணிக் கயிறுகள் மட்டும், இப்போதுதான் யாரோ கழற்றிப் போட்டதுபோல, விரலில் சில்லென்று ஒட்டின. கூரைப் பனி உருகிக் கசிந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாட்டிக்கொண்டாள். வடகோடித் தீவான ஹொக்கைடோவில் ஏப்ரல் பாதியில்தான் தார்ச்சாலையே கண்ணில் படும். இத்தனை மாதமும் உடற்பயிற்சிக் கூடத்து இயந்திரத்தின் மேல், சுவரைப் பார்த்தபடி, எங்கேயும் போகாமல் ஓடியாயிற்று. இன்றும் போகாவிட்டால் இனி எப்போதுமே ஆற்றங்கரைக்குப் போகமாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கரைமேல் ஏறும் படிக்கட்டில் தெட்சுரோ உட்கார்ந்திருந்தார். அவளோடு ஓடிக்கொண்டிருந்த மிட்சுயேயின் கணவர்.

“இன்னைக்கு வருவீங்கன்னு தோணுச்சு, தோவாகோ சான்.” எழுந்து நின்றார். காலில் புதுக் காலணி. “நானும் கூட வரட்டுமா? அவ ஓடுன வழிய ஒருதரம் ஓடிப் பாக்கணும்னு ஆசை.”

வேண்டாமென்று எந்த வாயால் சொல்வது?

இருவரும் ஓடினார்கள். காலை வெயிலில் ஈரச்சாலை மின்னியது. இருபுறமும் அழுக்கேறிய பனிக்குவியல்கள். அவற்றுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் நீர் களகளவென்று ஓடும் சத்தம். பல மாதம் மூடிக்கிடந்த மண்ணும் அழுகிய இலையும் சேர்ந்து எழுப்பும் வாடை. வருஷா வருஷம் அந்த வாடைக்காகவே காத்திருந்தவள் அவள். இந்த வருஷம் அது குமட்டியது.

“என்ன வேகம்ங்க இது!” தெட்சுரோவுக்கு மூச்சு வாங்கியது. “வீட்டுக்கு வந்து உங்களத் திட்டாத நாளே கிடையாது அவ.”

“என்னன்னு திட்டுவாங்க?”

“‘அவளுக்கென்ன, மான் காலு. என் காலு தடி முள்ளங்கி’ம்பா.” சிரித்தார். தோவாகோவும் சிரிக்க வேண்டியிருந்தது.

மிட்சுயேயை ஓட்டத்துக்கு இழுத்து வந்ததே தோவாகோதான். நவம்பரில், அந்த வருஷத்தின் கடைசி ஓட்டம். திரும்பி வரும் வழியில், பாலத்துக்கு அந்தப் பக்கம் மதகருகே, மிட்சுயேவுக்குக் கால் பிடித்துக்கொண்டது. பனி கொட்டத் தொடங்கியிருந்தது. “நீ போ, நான் பின்னாடியே வரேன்,” என்றாள். அவளுக்காக நின்று நின்று தோவாகோவுக்கு உடம்பு விறைத்திருந்தது, எரிச்சலும் இருந்தது. அவளை விட்டுவிட்டுப் போய்விட்டாள். வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்து எழுந்தபோது, மிட்சுயே இன்னும் வீடு வரவில்லையே என்று தெட்சுரோவின் அழைப்பு வந்தது. பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தபிறகுதான் பிரிந்தோம் என்று வாய் சொல்லிவிட்டது. நொண்டியவளை நடுவழியில் விட்டுவந்தேன் என்று சொல்ல வெட்கம்.

தேடியவர்கள் பாலத்துக்கு இந்தப் பக்கமே தேடினார்கள். இரவெல்லாம் பனி கொட்டியது. மறுநாள் சொல்லியிருக்கலாம். சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அதற்கடுத்த நாள் சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று. மிட்சுயே கிடைக்கவேயில்லை.

பாலம் வந்ததும் தோவாகோ வேகத்தைக் குறைத்தாள். “இங்கயே திரும்பிடலாமா? அந்தப் பக்கம் இன்னும் பனி கிடக்கும்.”

“போய்த்தான் பாப்போமே. அங்கதான் அழகா இருக்கும்னு சொல்றா.”

சொல்றா. சொன்னாள் அல்ல.

வாய் தவறியிருக்கும். மனைவியை இழந்தவர்கள் அப்படிப் பேசுவது வழக்கம்தான். பாலத்தின் பலகைகளில் நான்கு காலடிகளும் தடதடத்தன. அந்தத் தடதடப்புக்குள், ஒரு கால் அழுத்தியும் ஒரு கால் இழுத்தும், தாளம் தப்பிய இன்னொரு நடை கலந்திருப்பதாக அவளுக்குப் பட்டது. எதிரொலி. ஆற்றின் எதிரொலி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மதகு தெரிந்தது. அதன் நிழலில் பனி மார்பளவுக்கு உறைந்து கிடந்தது. அங்கே காக்கைகூட இல்லை. நீரின் களகளப்பும் நின்றிருந்தது.

சொல்லிவிட வேண்டும். இப்போதே.

“தெட்சுரோ சான்… அன்னைக்கு நான்…”

அவர் நின்றார். குனிந்து கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் வலி இல்லை. ஏதோ ஒப்பிப்பதுபோல் நிதானமாகச் சொன்னார்.

“நீ போ. நான் பின்னாடியே வரேன்.”

அந்த வார்த்தைகளைத் தோவாகோ யாரிடமும் சொன்னதில்லை.

‘சான்’ சேர்த்து மரியாதையாகவே பேசும் மனிதர் அவளை ‘நீ’ என்றதுமில்லை.

கால்கள் தாமாகவே ஓடின. முன்பும் அப்படித்தான் ஓடின. சேறு தெறித்தது. மூச்சு நெஞ்சைக் கிழித்தது. பின்னால் சத்தமில்லை. பிறகு, பனி நொறுங்கும் சத்தம். உள்ளிருந்து உடைவதுபோல. ஒருதரம். மறுபடி ஒருதரம்.

பிறகு தெட்சுரோவின் குரல். பேசிக்கொண்டிருந்தார். கொஞ்சலாக. நீண்ட பயணம் போய்வந்தவர்களிடம் பேசுவதுபோல.

ஓடு என்றது உடம்பு. இந்தமுறையுமா என்றது இன்னொன்று.

தோவாகோ நின்றாள். திரும்பினாள்.

இருவர் கைகோத்து வந்துகொண்டிருந்தார்கள். தெட்சுரோவின் வாயிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஆவி புறப்பட்டது. பக்கத்தில் வந்தவளின் வாய் திறந்தே இருந்தது. அதிலிருந்து ஒன்றும் புறப்படவில்லை. முடியிலும் புருவத்திலும் கண்குழிகளிலும் பனி அப்பியிருந்தது. வெயில் நேராக விழுந்தும் உருகவில்லை.

“பாத்தியா, நின்னுட்டா!” தெட்சுரோ சந்தோஷமாக மனைவியிடம் சொன்னார். “சொன்னேன்ல, இந்தத் தடவ நிப்பான்னு.”

“என்னை மன்னிச்சிரு,” என்றாள் தோவாகோ.

மிட்சுயே கணவனின் கையை விட்டாள். நொண்டவில்லை. தலையைச் சற்றே சாய்த்து, உறைந்த கைகளை வீசி, வாழ்நாளில் ஒருபோதும் ஓடியிராத வேகத்தில் ஓடி வந்தாள். அவள் கால் பட்ட இடமெல்லாம் ஈரச்சாலை வெளுத்து, உறைந்து, தோவாகோவின் காலணிகளை நோக்கி நீண்டது.